நமக்கெதுக்கு வம்புன்னு இருந்த ஒரு குடும்பம்

அரசியல் பேசுற படம்னு சொன்னாலே நம்மாளுங்க மனசுல ஒரு சட்டகம் வந்து உக்காந்துக்குது. ஒரு பூட்ஸ் கால் கதவை எட்டி உதைக்கணும். தொப்பி போட்ட ஒரு கொடூர அதிகாரி இருக்கணும். நாயகன் கடைசியிலயாவது ஒரு தடவை எதிர்த்துப் பேசணும், இல்லாட்டி பேசிட்டுச் சாகணும். இதெல்லாம் இல்லாத படமா இருந்தா, "அட போப்பா, அழுவாச்சி காவியம்"னு ஒதுக்கி வெச்சுடறோம்.

ஜாங் யிமோ 1994-ல எடுத்த 'டு லிவ்' (உயிரோட இருக்கறது, வாழறதுன்னு அர்த்தம்) படத்தைப் பத்தி நண்பர்கள் சில பேர்கிட்ட பேசினப்ப இதே விமர்சனம்தான் வந்தது. "ரெண்டு பிள்ளைங்களும் சாகுது, ரெண்டுமே விபத்து. ஆட்சி மேல ஒரு பழியும் இல்ல. நைசா தப்பிச்சுக்கிட்டார் டைரக்டர்" அப்படின்னாங்க. எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்ல. அந்த விபத்துகள்தான் இந்தப் படத்தோட அரசியலே. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

(முன்னெச்சரிக்கை: கதை முழுசையும் சொல்லப் போறேன். படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிக்கறது உசிதம். முப்பது வருஷம் கழிச்சும் கதையைச் சொல்லாதேன்னா நான் என்ன பண்றது :-) )

கதைச் சுருக்கம்

1940-கள். ஃபூகுய் பெரிய வீட்டுப் பையன். ராத்திரி பூரா சூதாடி, ஒரு நாள் மொத்த வீட்டையும் லோங்-எர்ங்கறவன்கிட்ட தோத்துடறான். வீட்டை எழுதிக் கொடுக்கற இடத்துலயே அப்பா விழுந்து செத்துப் போறார். கர்ப்பமா இருக்கற பொண்டாட்டி ஜியாஜென், பொண்ணைத் தூக்கிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிடறா. நடுத்தெருவுக்கு வந்த ஃபூகுய், போய் நிக்கறது அதே லோங்-எர்கிட்ட. அவன் பணம் கொடுக்கல, ஒரு பெட்டி நிறைய நிழற்பாவைகளைக் கொடுக்கறான். நம்மூர் தோல்பாவைக்கூத்து மாதிரியான கலை அங்கேயும் உண்டு. ஃபூகுய் அதை வெச்சு ஊர் ஊராக் கூத்து நடத்தப் போறான். சூதை விட்டுட்டான்னு தெரிஞ்சதும் ஜியாஜென் கைக்குழந்தையோட திரும்பி வர்றா.

கூத்து நடந்துக்கிட்டு இருக்கும்போதே திரைச்சீலையைக் கிழிச்சுக்கிட்டு ஒரு ஆயுதம் வெளியே வருது. சியாங் கை-ஷேக்கோட தேசியவாதப் படை ஆள் பிடிக்க வந்திருக்கு. ஃபூகுய்யும் கூட்டாளி சுன்ஷெங்கும் மாட்டிக்கறாங்க. அப்புறம் கம்யூனிஸ்ட் படைகிட்ட பிடிபட்டு அவங்களுக்கும் கூத்து காட்டறாங்க. புரட்சியில பங்கெடுத்துக்கிட்டதா ஃபூகுய்க்கு ஒரு காகிதம் கிடைக்குது. வீட்டுக்கு வந்து பார்த்தா அம்மா இல்ல. மூத்த பொண்ணு ஃபெங்ஷியாவுக்குக் காய்ச்சல்ல பேச்சு போயிடுச்சு. பொண்டாட்டி விடியறதுக்கு முன்னாடியே எழுந்து வீடு வீடா வெந்நீர் ஊத்திக்கிட்டு இருக்கா.

இதுக்கப்புறம் 1958-ஓட பெரும் பாய்ச்சல், 1966-ல தொடங்கின கலாசாரப் புரட்சி. முதல்ல மகன் போறான், அடுத்தது மகள். கடைசியில கிழவனும் கிழவியும் மருமகனும் பேரனும் மிச்சம். அவ்வளவுதான் கதை.

தோத்தவன் பிழைச்சான்

படத்தோட ஆரம்பத்துலயே ஒரு கணக்கு வருது, அதைப் புரிஞ்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தன்னால புரியும். புது ஆட்சி வந்ததும், ஃபூகுய்கிட்ட வீட்டை ஜெயிச்ச லோங்-எர் 'நிலப்பிரபு' ஆயிடறான். வீட்டை அரசாங்கத்துக்குக் கொடுக்க மாட்டேன்னு கொளுத்தி விட்டதுக்காகச் சுட்டுக் கொல்லறாங்க. கூட்டத்துலேர்ந்து விலகி ஒதுக்குப்புறமா நிக்கற ஃபூகுய்க்குத் துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான் கேட்குது. அஞ்சு வெடி. கால்சட்டையிலயே ஒண்ணுக்குப் போயிடறான்.

சூதுல ஜெயிச்சிருந்தா அந்த அஞ்சு தோட்டாவும் இவனுக்குத்தான். அயோக்கியத்தனம் பண்ணித் தோத்ததுனால பிழைச்சான். அதாவது, நல்லவனா இருந்தா நல்லது நடக்கும், உழைச்சா உயரலாம்னு ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையா நம்பிக்கிட்டு வர்ற கணக்கெல்லாம் ஒரே நாள்ல செல்லாக்காசு.

வீட்டுக்கு ஓடி வந்து முதல்ல என்ன பண்றான் தெரியுமா? அந்தப் புரட்சிச் சான்றிதழைத் தேடறான். துணியோட துணியா நனைஞ்சு போன அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி, பின்னாடி சுவத்துல மாட்டியும் வெச்சுக்கறாங்க. குலசாமி படம் மாட்டற இடத்துல ஒரு சர்டிபிகேட். பயம் இப்படித்தான் வீட்டுக்குள்ள வருது. யாரும் கதவை உதைக்கல. வீட்டுக்காரனே கூட்டிக்கிட்டு வந்து, ஆணி அடிச்சு மாட்டி வெக்கறான்.

இதே இடத்துல ஒரு சின்னப் பேச்சு. அந்த வீடு எரிஞ்சதைப் பத்தி ஊர்த் தலைவர் நியூ பேசும்போது, உங்க வீட்டு மரம் நல்ல மரம், அதான் அத்தனை நாள் எரிஞ்சதுங்கறார். ஃபூகுய் பதறிப் போய், அது எங்க வீட்டு மரம் இல்ல, எதிர்ப்புரட்சி மரம்ங்கறான். தியேட்டர்ல பார்த்தா சிரிச்சிருப்போம். ஆனா அப்பா, தாத்தா வாழ்ந்த வீட்டை, செத்த அப்பாவை, எல்லாத்தையும் ஒரே வாக்கியத்துல கைகழுவற இடம் அது.

பையனைக் கொன்னது யாரு?

1958. 'பதினஞ்சு வருஷத்துல இங்கிலாந்தை முந்தணும்'னு கோஷம். எஃகு உற்பத்தியை ஒரே வருஷத்துல இரட்டிப்பாக்கணும்னு இலக்கு: 1957-ல 53.5 லட்சம் டன், 1958-ல 107 லட்சம் டன்! இதுக்காகத் தெருவுக்குத் தெரு உலை. வீட்டுல இருக்கற வாணலி, சட்டி எல்லாம் உலைக்குள்ள. சமையல் பாத்திரம் போயிட்டா சோறு? பொதுச் சமையல்கூடத்துல. உருக்கினதுல பெரும்பகுதி எதுக்கும் உதவாத இரும்புக் கட்டி.

ஒரு குடும்பத்துக்கு இதுல என்ன நஷ்டம்னு ஒரு பொருளாதாரப் புத்தகத்துல படிச்சா வாணலி போச்சுன்னு போட்டிருக்கும். படம் வேற ஒண்ணைக் காட்டுது. வாணலி போன உடனே சாப்பாட்டு மேசை போயிடுது. அப்பா, அம்மா, பிள்ளைங்க நாலு பேரும் தனியா இருக்கற நேரமே இல்லாமப் போயிடுது. எது நடந்தாலும் ஊர் பார்க்குது.

ஊர் பார்க்கற இடத்துலதான் அந்தச் சம்பவம். அக்காவைக் கேலி பண்ணின பையன் ஒருத்தன் தலையில, யூச்சிங் மிளகாய்க் குழம்பு ஊத்தின நூடுல்ஸைக் கவுத்துடறான். என்ன ஒரு தம்பி! அடிபட்ட பையனோட அப்பா சாதாரணமாத் திட்டினாப் பரவாயில்ல. பொதுச் சமையல்கூடத்தைக் கெடுக்கற நாசவேலைங்கற தொனியில பேசறார். உடனே ஃபூகுய் மகனை எல்லார் முன்னாடியும் போட்டு அடிக்கறான். அது கோபத்துல விழற அடி இல்ல. ஊருக்குக் காட்டற அடி. 'பாருங்க, நான் உங்க பக்கம்'னு காட்டறதுக்காகப் பிள்ளை முதுகுல விழற அடி. ஏன் செஞ்சான்னு பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்கல. ஜியாஜென் சொல்லித்தான் அப்புறம் தெரியுது.

(இந்த ரகளைக்குப் பிறகு யூச்சிங் அப்பாவைப் பழிவாங்கறது அருமை. அம்மாவும் பையனும் கூட்டுச் சேர்ந்து, கூத்து நடத்திக்கிட்டு இருக்கற அப்பாவுக்கு மிளகாய் போட்ட டீ கொடுக்கறாங்க. குடும்பம்னா என்னங்கறதுக்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியல.)

அப்புறம் அந்த நாள். மூணு நாளா ராப்பகலா எல்லாரும் உலைகிட்ட. பையன் வீட்டுல செத்த பிணம் மாதிரித் தூங்கறான். மாவட்டத் தலைவர் வர்றார், பள்ளிக்கூடப் பசங்களும் வரணும்னு ஆள் வருது. தூங்கட்டும் விடுங்கறா ஜியாஜென். ஃபூகுய் கேட்கல. போகலேன்னா பின்தங்கினவங்கன்னு பேராயிடும். நாசவேலைன்னு ஒரு தடவை பேச்சு வந்தாச்சு, இனிமே ஜாக்கிரதையா இருக்கணும். தூங்கற பிள்ளையை முதுகுல உப்புமூட்டை தூக்கிக்கிட்டுப் போறான். ஜியாஜென் டப்பாவுல டம்ப்ளிங் (உள்ளே பூரணம் வெச்ச கொழுக்கட்டைன்னு வெச்சுக்குங்களேன்) இருபது கட்டிக் கொடுக்கறா.

போற வழியில அப்பா பிள்ளைக்கு ஒரு கணக்கு சொல்றான். நம்ம குடும்பம் இப்போ கோழிக்குஞ்சு. அது வளர்ந்து வாத்தாகும். வாத்து ஆடாகும். ஆடு மாடாகும். மாட்டுக்கு அப்புறம்? கம்யூனிசம். அப்போ தினம் டம்ப்ளிங்தான், தினம் கறிதான்.

கொஞ்ச நேரத்துல பிள்ளையைப் பொணமாத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. சுவரோரமாத் தூங்கிக்கிட்டு இருந்தவன் மேல, மாவட்டத் தலைவரோட ஜீப் பின்னாடி வந்து இடிச்சதுல சுவர் விழுந்துடுச்சு. ஓட்டினவருக்கும் பல நாளாத் தூக்கம் இல்ல. அந்த மாவட்டத் தலைவர் யாருன்னா, ஃபூகுய்யோட ஒண்ணா பட்டாளத்துல கஷ்டப்பட்ட அதே சுன்ஷெங்.

விபத்துதான். யார் மறுக்கறா? ஆனா அந்த விபத்துக்கு என்னென்ன தேவைப்பட்டதுன்னு எண்ணிப் பாருங்க. தூங்காத பிள்ளை. தூங்காத டிரைவர். ரெண்டு பேரையும் தூங்க விடாத ஒரு இலக்கு. 'தூங்கட்டும்'னு சொல்ல முடியாத ஒரு அப்பா. இதுல முதல் மூணும் பெய்ஜிங்லேர்ந்து வந்தது. நாலாவது வீட்டுக்குள்ளேர்ந்து வந்தது, ஆனா அதுவும் பெய்ஜிங் விதைச்சதுதான். ஒரு வில்லன் வந்து சுட்டிருந்தா, ஃபூகுய் மிச்ச நாளெல்லாம் அவனை வெறுத்துட்டாவது இருந்திருப்பான். இப்போ அவனால வெறுக்க முடிஞ்சது தன்னோட முதுகை மட்டும்தான். அந்த முதுகுலதானே தூக்கிக்கிட்டுப் போனான்!

நண்பர்கள் 'ஆட்சி மேல பழி இல்ல'ன்னு சொன்னதுக்கு என் பதில் இதுதான். ஆட்சி செஞ்ச தப்பைக் குடும்பம் தன் தலையில தூக்கிப் போட்டுக்குது. வெளியில திரும்ப வேண்டிய கேள்வி உள்ளே திரும்பிடுது. நான் விட்டிருக்கலாமே, நீ தடுத்திருக்கலாமே, அன்னிக்கு மட்டும் அப்படிச் செய்யாம இருந்திருந்தா... இந்த வகைத் துக்கத்துக்கு முடிவே கிடையாது. படம் பழியை மறைக்கல. பழி எங்கே போய்ச் சேருதுன்னு காட்டுது.

ஏழு பன்னும் ஒரு டாக்டரும்

மகள் ஃபெங்ஷியாவோட கதை கலாசாரப் புரட்சிக் காலத்துல நடக்குது. பாவைகளை எரிச்சாச்சு. மாப்பிள்ளை எர்ஷி, காலைச் சாய்ச்சு நடக்கறவன், செங்காவலர் தலைவன். இவன் கெட்டவனா இருப்பான்னு நாம எதிர்பார்ப்போம். ஃபூகுய்யும் அப்படித்தான். உன் வீட்டுக் கூரையைப் பிரிக்கறாங்கன்னு கேள்விப்பட்டு அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வந்தா, மாப்பிள்ளை ஆளுங்களோட வந்து கூரையைச் செப்பனிட்டுக்கிட்டு இருக்கான், சுவத்துல மாவோ படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கான். தங்கமான பிள்ளை. படம் பூராவும் இப்படித்தான். ஊர்த் தலைவர் நியூ நல்லவர். சுன்ஷெங் நல்லவன். எர்ஷி நல்லவன். கெட்டவங்களே இல்லாம இத்தனை பேர் சாகறாங்களேன்னு வயித்தைக் கலக்கற இடம் அதுதான்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் யாருமே இல்ல. 'பிற்போக்கு அறிஞர்கள்'னு எல்லாரையும் அடைச்சாச்சு. மாணவிகள்தான் பிரசவம் பார்க்கறாங்க. மாப்பிள்ளை தன் செல்வாக்கை வெச்சு, வாங் ங்கற பேராசிரியரைக் கழுத்துல அட்டை தொங்கத் தொங்கக் கூட்டிக்கிட்டு வர்றான். மனுஷன் மூணு நாளாச் சாப்பிடல. ஃபூகுய் இரக்கப்பட்டு ஆவியில வெந்த பன் ஏழு வாங்கிக் கொடுக்கறான். அத்தனையையும் விழுங்கிடறார். விக்குதேன்னு தண்ணி கொடுக்கறாங்க. வயித்துக்குள்ள பன் ஊதிப் போயி மனுஷனால அசைய முடியல.

குழந்தை நல்லபடியாப் பொறந்துடுது. பத்து நிமிஷத்துல ஃபெங்ஷியாவுக்கு உதிரப் போக்கு. மாணவிகளுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. தெரிஞ்ச ஒரே ஆள் வெளியே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கறார்.

இதை 'நம்ப முடியாத தற்செயல்'னு சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படிப் படல. இந்தப் படம் முழுக்கச் சாப்பாட்டைக் கவனிச்சுக்கிட்டே வாங்க. தலையில கொட்டின நூடுல்ஸ். மிளகாய் டீ. பையன் சாப்பிடாமலேயே போன இருபது டம்ப்ளிங். ஜியாஜென் அதை அவன் சமாதியில கொண்டு போய் வெக்கறா. பொண்ணைக் காப்பாத்தறதுக்காக வாங்கின ஏழு பன். அன்பைக் காட்ட இந்தக் குடும்பத்துக்குத் தெரிஞ்ச ஒரே மொழி சாப்பாடு. அந்த மொழியையே காலம் விஷமாக்கிடுது. பசியில இருக்கறவனுக்குச் சோறு போடறது தப்பாப் போற ஒரு நாட்டை வேற எப்படிக் காட்டறது?

பல வருஷம் கழிச்சு சமாதியில நின்னுக்கிட்டு ஃபூகுய் புலம்பறதும் இதைத்தான்: அன்னிக்குத் தண்ணி கொடுத்திருக்கக் கூடாது. பாருங்க, மறுபடி உள்ளேயே திரும்பற பழி! டாக்டர்களை அடைச்சு வெச்சவனைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பேராசிரியர் இப்போ மாவுப் பண்டம் எதையுமே தொடறதில்ல, அரிசிச் சோறு மட்டும்தான்னு ஒரு தகவல் வேற சொல்லிக்கறாங்க. சிரிக்கறதா அழறதான்னு தெரியாத இடம்.

என் மனத்தாங்கல்

இவ்வளவு தூரம் படத்துக்கு வக்காலத்து வாங்கிட்டு, குறையைச் சொல்லாமப் போனா நியாயமில்ல. படம் 1958-லேர்ந்து நேரா கலாசாரப் புரட்சிக்குத் தாவுது. நடுவுல 1959-லேர்ந்து 1961 வரைக்கும் சீனாவைச் சூறையாடின பஞ்சம் படத்துலயே இல்ல. அதுல செத்தவங்க எண்ணிக்கை ஆய்வாளரைப் பொறுத்து ஒன்றரைக் கோடியிலேர்ந்து நாலரைக் கோடி வரைக்கும் போகுது. குறைஞ்ச கணக்கை எடுத்துக்கிட்டாலும் மனித வரலாற்றோட பெரிய பஞ்சங்கள்ல ஒண்ணு. கதையைக் கிராமத்துலேர்ந்து நகரத்துக்கு மாத்தினது இதுக்கு வசதியாப் போச்சு. பஞ்சம் அதிகமாத் தின்னது கிராமத்தைத்தான்.

மூலக்கதை யூ ஹுவா எழுதின நாவல். அதுல நிழற்பாவைக் கூத்து கிடையாது. கிராமம், வயல், பசி. மகன் சாகறதும் வேற மாதிரி: அதிகாரியோட மனைவிக்கு ரத்தம் கொடுக்கப் போனவன்கிட்ட அளவில்லாம எடுத்து எடுத்தே கொன்னுடறாங்க. கடைசியில பொண்டாட்டி, மருமகன், பேரன்னு எல்லாரும் போயி, கிழவனும் ஒரு கிழட்டு மாடும்தான் மிச்சம். படம் இதைவிடக் கருணையானது. சொல்லப்போனா கொஞ்சம் தாராளமாவே கருணை காட்டிடுச்சு.

இதுல ஒரு வேடிக்கை. அவ்வளவு கொடூரமான நாவல் சீனாவுல தடையில்லாம விக்குது, லட்சக்கணக்குல. இவ்வளவு மென்மையான படத்துக்குத்தான் தடை! இத்தனைக்கும் கலாசாரப் புரட்சி பெரிய தப்புன்னு 1981-லயே கட்சி தீர்மானம் போட்டு ஒத்துக்கிட்டாச்சு. அப்புறம் என்ன பயம்? என் ஊகம் இது: 'தவறு நடந்துவிட்டது'ன்னு தீர்மானத்துல எழுதறது சுலபம். அந்தத் தவறுக்கு ஒரு முகம், ஒரு டிபன் டப்பா, ஒரு பேர் இருக்குன்னு காட்டறதுதான் கஷ்டம்.

1994 கான் விழாவுல படத்துக்கு கிராண்ட் பிரீ கிடைச்சது, ஃபூகுய்யா நடிச்ச கெ யோவுக்குச் சிறந்த நடிகர் விருது. கிராண்ட் பிரீயைப் பங்கு போட்டுக்கிட்டது நிகிதா மிகல்கோவ் எடுத்த 'பர்ன்ட் பை தி சன்'. அதுவும் ஸ்டாலின் காலத்துல ஒரு குடும்பம் ஒரே நாள்ல சிதையற கதைதான்.

நீலப் பட்டம்

இந்தப் படத்தோட சேர்த்துப் பார்க்க வேண்டியது, 1993-ல வந்த தியான் ஜுவாங்ஜுவாங்கோட 'தி ப்ளூ கைட்'. ஜாங் யிமோவும் இவரும் 1978-ல பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில ஒண்ணாச் சேர்ந்தவங்க. ரெண்டு பேருமே அந்தக் காலத்தைப் புத்தகத்துல படிச்சவங்க இல்ல, அனுபவிச்சவங்க. ஜாங் யிமோவோட அப்பா தேசியவாதப் படையில அதிகாரியா இருந்தவர். அந்தக் 'கறை'யோட வளர்ந்தவர் இவர். கலாசாரப் புரட்சியில வயல்லயும் பஞ்சாலையிலயும் வேலை பார்த்தார்.

'ப்ளூ கைட்' ஒரு பையன் சொல்ற கதை. அப்பா, மாமா, மாற்றாந்தகப்பன்னு மூணு பாகம். அம்மாவோட மூணு புருஷன்களையும் மூணு இயக்கம் தின்னுடுது. கல்யாணத் தேதியே ஸ்டாலின் செத்ததுனால தள்ளிப் போகுது. எங்கேயோ மாஸ்கோவுல ஒரு சாவு, இங்கே பெய்ஜிங் சந்துல ஒரு முகூர்த்தம் தப்புது! அதுல நூலகத்துல வேலை பார்க்கற அப்பா, 'வலதுசாரி' யாருன்னு கண்டுபிடிக்கற கூட்டத்துல பாதியில எழுந்து கழிவறைக்குப் போறார். திரும்பி வந்தா எல்லாரும் அவரையே பார்க்கறாங்க. முடிஞ்சது கதை. 1957-ல அந்த முத்திரை குத்தப்பட்டவங்க ஐந்தரை லட்சத்துக்கும் மேல.

இந்தப் படம் 'டு லிவ்'வைவிடக் கறார். சிரிப்பு கம்மி, ஆறுதல் அதைவிடக் கம்மி. கடைசியில அடிபட்டுத் தரையில கிடக்கற பையன் மரத்துல சிக்கின பட்டத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கான். இதுக்காக தியான் வாங்கின தண்டனையும் பெருசு. அடுத்த கதைப்படம் எடுக்க அவருக்கு 2002 வரைக்கும் ஆச்சு. எது சிறந்த படம்னு கேட்டா மூளை 'ப்ளூ கைட்'டுங்கும். எந்தக் குடும்பத்தோட நான் வாழ்ந்துட்டு வந்தேன்னு கேட்டா, ஃபூகுய் குடும்பம்தான்.

கடன்

எனக்கு இந்தப் படத்துல ரொம்ப முக்கியமாப் படற பாத்திரம் ஜியாஜென் (கோங் லீ). பையன் செத்தப்ப சுன்ஷெங் கொடுத்த எதையும் அவ தொடல. நீ எங்களுக்கு ஒரு உயிர் கடன்பட்டிருக்கேன்னு கத்தறா. வருஷக்கணக்கா அவன் மூஞ்சியில முழிக்கல. மகள் கல்யாணத்துக்குப் பரிசோட வந்தப்பகூட வெளியே வரல.

அப்புறம் காத்து மாறி அடிக்குது. சுன்ஷெங்கையே 'முதலாளித்துவப் பாதைக்காரன்'னு முத்திரை குத்திட்டாங்க. பொண்டாட்டி செத்துட்டா. நடு ராத்திரி வந்து, இருக்கற சேமிப்பை ஃபூகுய்கிட்ட கொடுக்கறான். சாகப் போறான்னு பேச்சுலயே தெரியுது. அப்பத்தான் ஜியாஜென் வெளியே வர்றா. முதல் தடவையா உள்ளே வரச் சொல்றா. இருட்டுல நடந்து போறவனைப் பார்த்து, நீ எங்களுக்கு இன்னும் ஒரு உயிர் கடன்பட்டிருக்கே, மறந்துடாதேங்கற மாதிரிக் கூவறா. கடன்காரன் சாகக்கூடாது. அதே வாக்கியம்தான். அன்னிக்குச் சாபம். இன்னிக்கு அதுதான் உயிர்ப்பிச்சை.

அரசாங்கம் மனுஷங்களை எதிரி, நண்பன்னு பிரிச்சு முத்திரை குத்திக்கிட்டே இருந்த காலத்துல, தன் பிள்ளையைக் கொன்னவனை இந்தப் பொம்பளை எந்த முத்திரையும் இல்லாம ஒரு ஆளா, கடன்காரனாவே வெச்சுக்கிட்டா. எதிர்ப்புன்னு இந்தப் படத்துல ஏதாவது இருந்தா அது இதுதான். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. வாசல்படியில நின்னு ஒரு கூப்பாடு.

மாட்டுக்கு அப்புறம்?

கடைசிக் காட்சியில பேரனுக்குக் கோழிக்குஞ்சு வாங்கியிருக்காங்க. பாவைகள் இருந்த அந்தப் பழைய பெட்டி இப்போ காலி. அதுல குஞ்சுகளை விடறாங்க. தாத்தா பழைய கணக்கை மறுபடி சொல்றார். கோழி வாத்தாகும், வாத்து ஆடாகும், ஆடு மாடாகும். மாட்டுக்கு அப்புறம்னு பேரன் கேட்கறான்.

இந்தத் தடவை கம்யூனிசம்ங்கற வார்த்தை வரல. ஜியாஜென்தான் பதில் சொல்றா: மாட்டுக்கு அப்புறம் நீ பெரியவனாயிடுவே. தாத்தா சேர்ந்துக்கறார். ரயில்ல போவே, விமானத்துல போவே, வாழ்க்கை நல்லாயிருக்கும்.

சில பேர் இதை நம்பிக்கையான முடிவுங்கறாங்க, சில பேர் சப்பைக்கட்டுங்கறாங்க. எனக்கு ரெண்டும் தோணல. ஒரு பிள்ளைக்கு நாம கொடுக்கற வாக்குறுதியில யாரோட பேரைப் போடறோம்ங்கறதுதான் விஷயம். முதல் தடவை ஃபூகுய் மேலேர்ந்து வந்த வார்த்தையை அப்படியே பிள்ளைகிட்ட கொடுத்தான், அந்த வாக்குறுதியை முதுகுல சுமந்துக்கிட்டே பிள்ளையை உலைக்குக் கொண்டு போனான். ரெண்டாவது தடவை வாக்குறுதியில பிள்ளை மட்டும்தான் இருக்கு. முப்பது வருஷத்துல, ரெண்டு சாவு கொடுத்து, ஒரு குடும்பம் கத்துக்கிட்ட ஒரே பாடம் அது.

'நமக்கெதுக்கு வம்பு'ன்னு நம்ம வீடுகள்ல தினம் ஒரு தடவையாவது சொல்றோம். நாம உண்டு நம்ம வேலை உண்டுன்னு இருந்தா எதுவும் நம்மளைத் தொடாதுன்னு ஒரு நம்பிக்கை. ஃபூகுய்யைவிட ஒதுங்கி இருந்தவன் யாரு? எந்தக் கூட்டத்துலயும் எதிர்த்துப் பேசல. சொன்ன எல்லாத்துக்கும் தலையாட்டினான். சர்டிபிகேட் கூட வெச்சிருந்தான். தலையாட்டி பொம்மையா இருந்தா தலை தப்பிக்கும்கறது உண்மைதான். அவன் தலை தப்பிச்சது. போனது அவன் முதுகுல தூங்கிக்கிட்டு இருந்த தலை.

பார்க்காதவங்க பாருங்க. பார்த்தவங்க, அந்த ஏழு பன் காட்சியில சிரிச்சீங்களா இல்லையான்னு சொல்லிட்டுப் போங்க. நான் சிரிச்சேன். இன்னும் அது உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு.